தெருவுக்கு ஒரு பல் டாக்டர் இருந்தும் ஏன் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறோம்?

கேள்வி இதுதான்: சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் தெருவுக்குத் தெரு பல் கிளினிக் இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலானவர்கள் வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் போகிறார்கள், போனவர்களில் பாதிப் பேர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள், இதற்குக் காசு மட்டும்தான் காரணமா, வருமுன் காப்பது என்று சொல்வதெல்லாம் நிஜத்தில் வேலைக்கு ஆகுமா?

நான் பல் மருத்துவன். அரசு ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்திருக்கிறேன், சொந்தமாக கிளினிக்கும் வைத்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். காசு பெரிய காரணம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் காசுக்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. பல் சொத்தையைச் சில நூறு ரூபாயில் சரிசெய்யக்கூடிய காலத்தில் அது வலிக்காது. வலிக்கும்போது அந்தக் காலம் போயே போயிருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஏன் வலிப்பதில்லை என்றால், பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. வாயில் இருக்கிற கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் பல்லில் ஒட்டியிருக்கும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலத்தை விடுகின்றன, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலில் இருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது, அப்புறம் எச்சில் வந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலைமையைப் பழையபடி கொண்டுவருகிறது. இது ஒவ்வொரு தடவை வாயில் இனிப்புப் போடும்போதும் நடக்கும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் இங்கே கணக்கு. ஒரே உட்காரலில் நாலு ஜிலேபி தின்பவரைவிட, காலையிலிருந்து இரவு வரை ஒரு மணிக்கு ஒரு தடவை சர்க்கரை போட்ட டீயும் ரெண்டு பிஸ்கட்டுமாக ஓட்டும் லாரி டிரைவருக்கோ, ஐடி கம்பெனிக்காரருக்கோதான் சொத்தை சீக்கிரம் வரும். எச்சிலுக்கு அவர் மூச்சுவிடவே நேரம் தருவதில்லை.

எனாமலைத் தாண்டி உள் அடுக்கான டென்டினுக்குப் போகும்போதுதான் லேசாகக் கூசும், ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீரென்று இருக்கும். அப்போதுகூட அடைத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தில் மெல்லாமல் மறுபக்கத்தில் மெல்லப் பழகிக்கொள்கிறார்கள். அது போய் நடுவில் இருக்கும் நரம்பைத் தொட்டதும் ராத்திரி தூக்கம் போய்விடும், படுத்தால் தலை வரைக்கும் விண் விண் என்று தெறிக்கும், அன்றைக்குத்தான் டாக்டர் ஞாபகம் வரும். இப்போது செலவைப் பாருங்கள். சொத்தையை அடைப்பதற்குச் சில நூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து வேரை அடைக்கிற ரூட் கேனால் என்றால் சில ஆயிரங்கள், அதற்கு மேல் பல்லை மூடும் உறையான கேப் போட இன்னும் சில ஆயிரங்கள். பல்லே போய், தாடை எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைக்கும் இம்ப்ளான்ட் என்று இறங்கினால் இருபதாயிரத்துக்கு மேலே. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் படிக்குப் படி தாவும் இந்த விகிதம் எங்கேயும் ஏறக்குறைய இதேதான்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு குழி இருக்கிறது. ரூட் கேனால் முடிந்ததும் வலி போய்விடும், வலி போனதும் கேப்புக்குப் பணம் ஒதுக்க மனசு வராது, "அடுத்த மாசம் வர்றேன் டாக்டர்" என்று போவார்கள். ஏற்கெனவே பாதி சொத்தையில் போனது, சிகிச்சைக்காகத் துளை போட்டதில் இன்னும் கொஞ்சம் போனது, மீதி வெறும் சுவர்தான் நிற்கிறது. ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது நெடுக்குவாட்டில் பிளந்துவிடும், பிளந்தால் பிடுங்குவது தவிர வழியில்லை. போட்ட பணம் மொத்தமும் வீண். அதனால் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் ஆரம்பிக்கும் முன்பே கேப்பையும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள், அந்தத் தொகை முடியாது என்றால் அதையும் டாக்டரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

சரி, ஏன் பிடுங்கிக்கொள்கிறார்கள்? பலர் இதை அறியாமை என்று சொல்கிறார்கள், எனக்கு அந்தப் பேச்சு எரிச்சலைத் தரும். தினக்கூலிக்குப் போகிற ஒரு அக்கா ரூட் கேனாலுக்கு ரெண்டு மூன்று தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போகும், பஸ் செலவு, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், டாக்டர் பீஸ் இதற்கெல்லாம் மேலே. அரசு ஆஸ்பத்திரியில் பிடுங்கினால் ஒரே தடவை, கால் மணி நேரம், கையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் போகாது, மறுநாள் வேலைக்குப் போகலாம். அவர் கணக்குத் தெரிந்துதான் முடிவெடுக்கிறார். அந்தப் பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாய்வதும், எதிர்ப்பல் இறங்குவதும், பத்து வருஷத்தில் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிற நிலைக்கு வருவதும் அன்றைய கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

அரசு அமைப்பில் பல் பிரிவே இல்லை என்று சொல்வதும் தப்பு. மாவட்டத் தலைமை மருத்துவமனை, பெரும்பாலான தாலுகா மருத்துவமனைகள், சில மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் இருக்கிறார். ஆனால் ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், வெளியே நீண்ட வரிசை. இந்த நிலைமையில் ஒரு பல்லைக் காப்பாற்ற முக்கால் மணி நேரம் செலவழிக்கும்போது வரிசையில் வலியோடு நிற்கிற அஞ்சு பேர் திரும்பிப் போக வேண்டும், அதனால் கை தானாகவே பிடுங்கும் குறடுக்குப் போகும். டிரில்லுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் ஒரு நாள் மக்கர் பண்ணினால் டிரில்லிங் கிடையாது, அடைக்கிற சிமெண்ட் தீர்ந்துபோனால் அடுத்த சப்ளை வரும் வரைக்கும் பிடுங்குவதும் மாத்திரை எழுதுவதும்தான் வேலை. பிடுங்குவதற்கு மட்டும் கரண்டும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம், மரத்துப்போகும் ஊசி இருந்தால் போதும்.

இன்சூரன்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் "கார்டு இருக்கு டாக்டர்" என்று எடுத்து நீட்டுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகட்டும், காசு கட்டி எடுத்த தனியார் பாலிசி ஆகட்டும், அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுக்கும் நோய்க்காகச் செய்யப்பட்டவை. சொத்தை அடைப்பது, பல்லில் கல்லாகப் படிந்த காரையை எடுப்பது, ரூட் கேனால் எதுவும் சாதாரணமாக அதில் வராது, விபத்தில் தாடை உடைந்தால் வரும். இதன் விளைவு ஒரு கோணல்தனம்: சொத்தையாக இருக்கும்போது எந்தத் திட்டமும் எட்டிப் பார்க்காது, அதே சொத்தை சீழ் பிடித்து, தாடைக்கு அடியில் இறங்கி, வாயைத் திறக்க முடியாமல், மூச்சு அடைத்து ஐசியூவில் சேர்ந்த பிறகுதான் காப்பீடு என்ற பேச்சே வரும்.

டாக்டர்கள் குறைவு என்பதும் காரணம் இல்லை. நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை தனியார், தமிழ்நாட்டிலும் அதேதான் நிலைமை. வருஷா வருஷம் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் நகரத்தில் இன்னொருவர் கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அதே நேரத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே போனால் ஒருவரும் இல்லை. நாற்காலி, கம்ப்ரசர், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே என்று லட்சக்கணக்கில் போட்டுக் கடை திறக்க வேண்டும், கிராமத்து வருமானத்தில் அந்த வங்கிக் கடன் அடையாது, அரசுப் பணியிடங்களோ கொஞ்சம். அந்த இடத்தை நிரப்புவது யார் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பல் செட் கட்டுகிறவர்கள். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டி, மேலே பிளாஸ்டிக் மாவை அப்படியே வாயில் வைத்து இறுக விட்டுவிடுவார்கள். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது, அடியில் ஈறு அழுகி, நன்றாக இருந்த ரெண்டு பல்லும் சேர்ந்து போகும். 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது, ஆனால் ஜனங்களுக்கு அந்தப் பல் செட்காரர்தான் பக்கத்தில் இருக்கிறார், பேரம் பேசலாம், ஒரே தடவையில் முடிகிறது.

அப்புறம் பயம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பதை இன்னமும் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள், படித்தவர்களும் கேட்கிறார்கள். கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு, சம்பந்தமே இல்லை. வலி முற்றியபோது கண்ணுக்குக் கீழே வரைக்கும் வீங்குவதைப் பார்த்து அந்த எண்ணம் வந்திருக்கலாம். இன்னொன்று, பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், எனாமல் தேய்ந்துவிடும் என்பது. இது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது, சுத்தம் செய்துவிட்டுப் போனவர் நிஜமாகவே ஆட்டத்தை உணர்கிறார். நடந்தது என்னவென்றால், பல வருஷமாகச் சேர்ந்த காரை எலும்பைக் கரைத்துவிட்டு, தானே பல்லுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி நிற்கிறது. காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் எலும்பு கரைந்து, ஒருநாள் பல் கையோடு வந்திருக்கும். இதை முதலிலேயே நோயாளிக்குச் சொல்லாதது எங்கள் ஆட்களின் தப்பு.

எங்கள் தப்பு அது ஒன்று மட்டும் இல்லை. ஒரே பல்லுக்கு மூன்று கிளினிக்கில் மூன்று ரேட் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இலவச முகாம் என்று கூப்பிட்டு, ஆறு பல்லில் சொத்தை, பேக்கேஜ் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் அடுத்த தடவை நிஜமாகவே சொத்தை இருக்கும்போதும் நம்ப மாட்டார்கள். வாயைத் திறந்ததும் "இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று திட்டுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். வெட்கப்பட்டுப் போன மனிதர் அடுத்த தடவை மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக். நரம்பு அழற்சியில் வருகிற வலிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, நரம்பு செத்துப்போன பிறகோ மருந்து அந்தப் பல்லுக்குள் போய்ச் சேரவே வழி கிடையாது. மூன்று நாளில் வலி போய்விட்டதே என்பார்கள், போனது வலி இல்லை, நரம்பு செத்துப்போனது. சீழ் வேரின் அடியில் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருக்கும். மாத்திரையைப் பொடி செய்து பல் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஈறை வெள்ளையாகச் சுட்டுவிடும். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், ஒரு ராத்திரியை ஓட்டலாம், அதற்கு மேல் இல்லை.

இனி வருமுன் காப்பது. இதில் நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்றால் ஃபுளோரைடு பேஸ்ட்டும் ராத்திரி பல் தேய்ப்பதும்தான், மீதியெல்லாம் அடுத்ததுதான். ஃபுளோரைடு, கரைந்துகொண்டிருக்கும் எனாமலுக்குத் தாது திரும்பிப் போய் ஒட்ட உதவுகிறது, ஒட்டிய இடம் முன்னைவிட அமிலத்தைத் தாங்கும். பல்லில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளியாக இருக்கும் ஆரம்பச் சொத்தையை டிரில் இல்லாமல் நிறுத்தவே முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நம் ஊர் விதிப்படி பேஸ்ட்டில் அதிகபட்சம் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு ஃபுளோரைடு இருக்கலாம், எவ்வளவு இருக்கிறது என்று ட்யூபில் அச்சிட்டிருக்க வேண்டும், திருப்பிப் பாருங்கள். மூலிகை, உப்பு, கரி என்று விளம்பரம் செய்கிற பல பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எனக்கும் தெரியும், வேப்பங்குச்சியை மென்று பக்குவமாகத் தேய்த்தால் அழுக்கு போகும்தான், ஆனால் நம் தாத்தா காலத்துச் சாப்பாட்டில் இத்தனை பிஸ்கட்டும் பாக்கெட் ஜூஸும் கிடையாது. சிவப்புப் பல்பொடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல்பொடியில் புகையிலை சேர்ப்பது 1992இலேயே தடை செய்யப்பட்டது. தேய்க்காவிட்டால் தலை வலிக்கிறது, வயிறு கலங்கவில்லை என்று ஒரு பொடி உங்களைப் பிடித்து வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது ரொம்பக் குறைந்துவிடும், பகலில் நம்மைக் காப்பாற்றுகிற ஆள் ராத்திரி லீவு. அதனால்தான் காலையில் ஒரு தடவை விட்டுப்போனாலும் பரவாயில்லை, ராத்திரி விடக் கூடாது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுப் பத்து தடவை கொப்பளிக்காதீர்கள், கொப்பளித்தால் போட்ட ஃபுளோரைடு தொட்டியோடு போய்விடும். நம் ஆட்களுக்கு இது ரொம்பக் கஷ்டமான பழக்கம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரிசி அளவு பேஸ்ட், அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு, பெரியவர்கள் பிடித்துத் தேய்த்துவிட வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, எங்கள் ஊரில் ஃபுளோரைடால்தானே பல் பழுப்பாகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே நிலத்தடி நீரில் அது அளவுக்கு மேல் இருந்தது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பதுதான் நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது. பல் தாடைக்குள் உருவாகும் சின்ன வயதில் வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை உள்ளேயே பதிந்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான். தேய்த்துத் துப்பிவிடுகிற பேஸ்ட் வேறு, தினமும் குடிக்கிற தண்ணீர் வேறு. ஆனால் அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்வதில் கூடுதல் கவனம் வேண்டும்.

பெற்றோர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. ஆறு வயதில், பால்பற்களுக்கு எல்லாம் பின்னால், எதுவும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் எந்தப் பல்லும் விழாததால் அதையும் பால்பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள், விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. அறுபது வயது வரைக்கும் மெல்ல வேண்டிய பல் அது, பத்து வயதில் குழியாகி என்னிடம் வருகிறது. அதன் மேல் இருக்கும் பள்ளங்களை சீலன்ட் என்ற பூச்சால் நிரப்பிவிட்டால் ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை, சில நிமிஷ வேலை.

இதை வீட்டுக்கு வீடு சொல்லித் திருத்துவதைவிடப் பள்ளிக்கூடத்தில் செய்வது எளிது. ஸ்காட்லாந்தில் சைல்டுஸ்மைல் என்று ஒரு திட்டம், பாலர் பள்ளியில் தினமும் ஆசிரியை முன்னால் ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுப் பிள்ளைகள் பல் தேய்க்கிறார்கள், வேண்டியவர்களுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசுகிறார்கள். 2003இல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளில் 45 விழுக்காட்டினருக்குத்தான் வெளியே தெரியும் சொத்தை இல்லாமல் இருந்தது, 2020 வாக்கில் அது 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பல் தேய்க்க வைத்த செலவைவிடச் சிகிச்சையில் மிச்சமானது அதிகம் என்றும் கணக்குப் பார்த்துவிட்டார்கள். பணக்கார நாடு என்று தள்ளாதீர்கள், பிலிப்பைன்ஸில் கை கழுவுவதையும் பல் தேய்ப்பதையும் சேர்த்துப் பள்ளிகளில் செய்கிறார்கள், அங்கே வேண்டியிருந்தது ஒரு தண்ணீர்க் குழாயும் பிரஷ் மாட்டும் பலகையும்தான். தமிழ்நாட்டில் 2023இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புன்னகை என்ற பல் பரிசோதனைத் திட்டம் வந்தது, நல்லதுதான், ஆனால் பரிசோதனை சொத்தையைக் கண்டுபிடிக்கும், தடுக்காது. 2022இலிருந்து காலை உணவுத் திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சாப்பிட்டுக் கை கழுவப் போகிறார்கள். அந்தக் குழாயடியில் ஒரு பிரஷும் பட்டாணி அளவு பேஸ்ட்டும் சேர்த்தால் போதும் என்பது என் ஆசை. 2025 செப்டம்பரில் பேஸ்ட்டுக்கும் பிரஷுக்கும் ஜிஎஸ்டி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததால் செலவும் முன்னளவுக்கு இருக்காது.

பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனி. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வராது, ஈறுக்குச் சிகிச்சை எடுத்ததும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை கொஞ்சம் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கிற அக்காக்கள், "பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா, பல் ஏதாச்சும் ஆடுதா?" என்று ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் எவ்வளவோ பல் மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கும் ஈறு வீங்கி ரத்தம் வரும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், நடு மூன்று மாதங்களில் பயமில்லாமல் சிகிச்சை எடுக்கலாம்.

கையில் காசு இல்லை, ஆனால் பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பிடுங்கும் முன் ஒரு தடவை பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். சென்னையில் சென்ட்ரல் பக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023இல் திறந்தார்கள். தனியார் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் வெளிக் கிளினிக்கைவிட ரொம்பக் குறைவு. பொறுமை வேண்டும், நாலு தடவை அலைய வேண்டியிருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாணவர் அடுத்ததுக்குப் போவார், என்னைக் கேட்டால் அது நோயாளிக்கு நல்லதுதான்.

காத்திருக்கவே கூடாத சிலது உண்டு. தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம் இறங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளினிக் திறக்கட்டும் என்று உட்காராதீர்கள். வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் போடுகிறவர்கள் வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலை நெடுக்காக வைக்க முடியாத அளவுக்கு வாய் சுருங்குவது என்று எது தெரிந்தாலும் வலி வரும்வரை இருக்க வேண்டாம், வாய்ப் புற்றும் ஆரம்பத்தில் வலிக்காது. அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் அதைக் காட்டிப் பார்த்துக்கொள்ளக் காசு கேட்க மாட்டார்கள்.